கோட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது

ஜெச்சோன்
25 ஆகஸ்ட் 2003

அன்புள்ள யூன்ஜே,

கடைக்குள் நீராவி, வெளியே வெயில். நடுவில் உன் அப்பன் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறேன். முதுகைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி? பூட்ஸ் போட்டுக் காலில் கொப்புளம் வந்ததா? வந்தால் உடைக்காதே.

பட்டாளத்திலிருந்து பெட்டி வந்தது. நீ போட்டுப் போன சட்டை, கால்சட்டை, செருப்பு எல்லாம் இருந்தன. இந்த நாட்டில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுவார்களாம். அதற்காகவே ஓக்ரான் சித்தி கைக்குட்டையோடு கடைக்கு வந்தாள்.

"பெட்டி எங்க அத்தான்?"

"மிஷின்ல சுத்துது."

"வேர்வ வாசனையோட வெச்சு மோந்து பாத்து அழணும். அதப்போய் சோப்பு போட்டுட்டீங்களே. நீங்க என்ன மனுசன்?"

"சலவைக்காரன்."

அவளுக்குக் கோபம். என்ன செய்வது, இருபத்து மூன்று வருடப் பழக்கம். அழுக்குத் துணியைப் பார்த்தால் கை தானாகப் போகிறது. இஸ்திரி போட்டு மடித்து உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம். நவம்பர் 19 உனக்குப் பட்டாளத்தில் நூறாவது நாள். மறுநாளிலிருந்து முதல் விடுப்பு என்று சொன்னார்கள். 22ஆம் தேதி உன் அம்மாவின் முதல் திதி. நீ ஒரே மகன், படையலுக்கு மதுவை நீதான் ஊற்ற வேண்டும். பஸ் ஏறும்போது நீ "வருவேனான்னு தெரியாது" என்றாய். பஸ் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சி முகாமில் கேம் ஆட வழியே இல்லை என்று கேள்விப்பட்டேன். இந்த அரசாங்கம் செய்த ஒரே நல்ல காரியம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா
பியோ சாங்கோன்

*

வடக்கு முகாம்
5 செப்டம்பர் 2003

அப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். கொப்புளம் வந்தது. உடைத்துவிட்டேன். இங்கே மூன்று நாளாக மழை. உங்கள் முதுகுக்கு அந்த மருந்துப் பட்டையை ஒட்டிக்கொள்கிறீர்களா?

பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் எழுத்தில் சொல்கிறேன். அம்மாவின் சாவு மண்டபத்தில் மூன்று மாமாக்களும் சித்தியும் கேட்கும்படி, "அவ உசுரு போறப்ப இவன் கேம் ஆடிக்கிட்டிருந்தான்" என்று நீங்கள் சொன்னீர்கள். திதிக்கும் அதே ஆட்கள்தான் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று மது ஊற்ற என்னால் முடியுமா தெரியவில்லை. சியோலில் நண்பன் ஒருவன் அறை இருக்கிறது, வா என்கிறான். விடுப்பை அங்கே கழிக்கலாம் என்று இருக்கிறேன்.

கேட்கக் கூடாத ஆளிடம் ஒரு உதவி கேட்கிறேன். விளையாட்டில் எங்கள் படைக்கு ஒரு கோட்டை உண்டு. நான் அதன் தலைவன். ஞாயிறு தோறும் நாலு மணிக்கு முற்றுகை. தலைவன் இரண்டு மாதம் தலைகாட்டாவிட்டால் கோட்டை போய்விடும். நாற்பத்தொரு பேர் ஒரு வருடமாகக் காத்த கோட்டை. மா நடத்தும் கணினி கேம் கடைக்குப் போய் என் பெயரில் நுழைந்து, அரியணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

நண்பர்களிடம் கேட்கலாமே என்பீர்கள். யாரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் வாளைத் திருடி விற்றுவிடுவார்கள். உங்களுக்கு அதில் எது வாள், எது விளக்குமாறு என்றே தெரியாது. அதனால் உங்களைவிடப் பத்திரமான ஆள் கிடையாது.

கடவுச்சொல்: 'இப்பவேஅணைடா'. ஏன் அதை வைத்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

யூன்ஜே

*

ஜெச்சோன்
14 செப்டம்பர் 2003

யூன்ஜே,

கொப்புளத்தை உடைக்காதே என்று சொன்னால் உடைத்துவிட்டேன் என்று பதில் எழுதுகிறாய். என் உடம்பு நன்றாக இருக்கிறது. மனதைக் கேட்காதே.

உன் கோரிக்கைக்குப் பதில்: முடியாது.

எனக்கு அந்த விளையாட்டு பிடிக்காது. பிடிக்காது என்பது சின்ன வார்த்தை. எனக்குச் சிப்பிகூடத்தான் பிடிக்காது. அதற்காகச் சிப்பித் தட்டைக் கத்தரியால் வெட்டினேனா? உன் கணினி வயரைத் துணி வெட்டும் கத்தரியால் வெட்டியவன் நான். (அதில் கெட்டது கத்தரியின் முனைதான். நீ மறுநாளே புது வயர் வாங்கி வந்துவிட்டாய்.) உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பாய். அந்த "இதோ" ஒரு மணி நேரம் நீளும். சூப் ஆறும், அவள் சுட வைப்பாள், மறுபடியும் ஆறும். அவள் ஒரு நாளும் கத்தவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கத்தினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நீயாவது படிப்பாய் என்று கல்லூரிக்கு அனுப்பினால், கோட்டைக்குத் தலைவனாகிவிட்டாய். எந்த ஊர்க் கோட்டை? எந்தப் பேருந்து அங்கே போகிறது?

அப்புறம் அந்த நாள். மூன்று கேம் கடை ஏறி இறங்கினேன். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

சூசோக் பண்டிகைக்கு மாமாக்கள் மூவரும் வந்தார்கள். முன்னோருக்குப் படைத்துக் கும்பிட்டுவிட்டு, காலை பத்து மணிக்குச் சீட்டை விரித்தோம். பொழுது சாயும்போது சித்தி எட்டிப் பார்த்தாள்.

"காலையில பாத்த அதே எடத்துல அப்படியே உக்காந்திருக்கீங்க. இதுக்கு மட்டும் வயர் இருந்தா நானே வெட்டியிருப்பேன் அத்தான்."

"இது வேற. எதிர்ல மனுசன் மூஞ்சி தெரியிற ஆட்டம் இது."

"அந்த மூஞ்சிய இன்னிக்கு ஒரு தடவையாவது நிமிந்து பாத்தீங்களா?"

பெரிய மாமா சிரித்ததில் சீட்டு எல்லாம் கலைந்து போனது. நான் நல்ல கை வைத்திருந்தேன்.

ஞாயிறு நாலு மணி என்றாயே, அது சரியாக நாலா, நாலேகாலா? நான் போகப் போவதில்லை. சும்மா கேட்கிறேன்.

அப்பா

*

வடக்கு முகாம்
24 செப்டம்பர் 2003

அப்பாவுக்கு,

சரியாக நாலு. கால் மணி முன்னதாகப் போனால் நல்லது. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

பெயரும் கடவுச்சொல்லும் அடித்ததும் நீங்கள் கோட்டைக்குள் நிற்பீர்கள். நேரே போனால் அரியணை. அதில் ஏறி உட்காருங்கள். துணைத்தலைவரின் பெயர் வெள்ளிநரி. அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வேறு யாரிடமும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

சித்தி கேட்டது நியாயம். அம்மா கிடந்த மண்டபத்தில் மூன்று நாளும் மாமாக்கள் சீட்டாடினார்கள். துக்க வீட்டில் ஆள் கலைந்து போகாமல் இருக்க அப்படி ஆடுவது வழக்கம் என்றீர்கள். நீங்களும் இரண்டு ஆட்டம் போட்டீர்கள். அப்போது யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, விடுங்கள். விடுப்பு பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

யூன்ஜே

*

ஜெச்சோன்
6 அக்டோபர் 2003

யூன்ஜே,

காலையில் மூச்சு விட்டால் புகை வருகிறது. குளிருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உன் சளி திரும்பவில்லையே? உள்ளே கம்பளி போடு.

போனேன். இரண்டு ஞாயிறு போய்விட்டு வந்தேன். போதுமா?

மா கடைக்குள் நுழைந்ததும் நாலைந்து பேர் தலையைக் கீழே போட்டுக்கொண்டார்கள். யாரையோ காதைப் பிடித்து இழுத்துப் போக வந்திருக்கிறேன் என்று நினைப்பு. மா ஓடி வந்தான்.

"யாரத் தேடுறீங்கண்ணே? உங்க பையன்தான் பட்டாளத்துல இருக்கானே."

"ஒரு சீட்டு வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். உக்காரத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"கத்தரி கித்தரி கொண்டாரலயே?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஏழாம் நம்பர் நாற்காலியைக் காட்டினான். வேறு கொடு என்றேன். ஏன் என்றான். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றேன். அந்த அறையில் வெளிச்சமே கிடையாது.

உன் கோட்டை எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தரை அழுக்கு. அரியணைத் துணி இஸ்திரி கண்டு எத்தனை வருடமோ. உன் வெள்ளிநரியார் பேச்சே ராஜ பேச்சு. நான் உன் அப்பா என்று அடித்ததும், "தலைவரின் தந்தையே, மூன்றடி வலப்புறம் நகர்க" என்று திரையில் எழுத்து வந்தது. பெரிய பதவியில் இருப்பவர் போல என்று நினைத்து, ஒற்றை விரலால் தேடித் தேடி, "சரிங்க ஐயா, மன்னிக்கணும் ஐயா" என்று அடித்தேன். நான் பயன்படுத்துவதற்குள் பழசாகிவிட்ட மரியாதைச் சொல்லை எல்லாம் எடுத்துப் போட்டேன். இரண்டாம் ஞாயிறு நடுச்சண்டையில் ஐயா எழுதுகிறார்: "கொஞ்சம் இருங்க, அம்மா பால் குடிக்கச் சொல்றாங்க."

"ஐயாவுக்கு வயசென்ன?"

"பன்னெண்டு."

மொக்போவில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண். பெயர் தாசோம். இரண்டு ஞாயிறு நான் கூனிக் குறுகி நின்றது அவளுக்கு. இனிமேல் நீதான் எனக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்றேன். "கோட்டைக்குள்ள பதவிதான் கணக்கு, தாத்தா" என்கிறாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் தாத்தா.

இதற்காகவா நீ சோறு ஆற விட்டாய் என்று அங்கேயே உட்கார்ந்து பொருமினேன். என் வெறுப்பு ஒரு அரிசி அளவும் குறையவில்லை, எழுதி வைத்துக்கொள். புதன்கிழமை உன் படையில் இருக்கும் அந்த தேகு ஊர்ப் பல் டாக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர், "நானும் வெறுக்கிறேன், அதனால்தான் தினமும் வருகிறேன்" என்கிறார். படித்தவர்கள் பேச்சு எனக்குப் புரிவதில்லை.

அப்பா

*

வடக்கு முகாம்
14 அக்டோபர் 2003

அப்பாவுக்கு,

மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. கம்பளி போட்டிருக்கிறேன். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒத்தடம் கொடுக்க வேண்டாம். போன வருடம் தோல் உரிந்தது.

போனதற்கு நன்றி. ஞாயிறுதானே போகச் சொன்னேன். புதன்கிழமை பல் டாக்டரை எங்கே பார்த்தீர்கள்? பதில் வேண்டாம், சும்மா கேட்கிறேன்.

19ஆம் தேதி பெரிய முற்றுகை. எதிரிப் படைத் தலைவன் பெயர் இரும்புச்சேவல். பொல்லாத ஆள். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் அரியணையில் இருக்கும்வரை யாராலும் கோட்டையை எடுக்க முடியாது. இறங்கினால் நாலு நொடி போதும். யார் என்ன சொன்னாலும் இறங்க வேண்டாம்.

விடுப்புக்கு ஊர் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஜெச்சோனா சியோலா என்று எழுதும் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

யூன்ஜே

*

ஜெச்சோன்
21 அக்டோபர் 2003

அன்பு மகன் யூன்ஜேக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் நலமே. முதுகு வலி அறவே இல்லை. சித்தி நலம், மாமாக்கள் நலம், மா நலம்.

முட்டைக்கோஸ் இந்த வருடம் நன்றாக விளைந்திருக்கிறது. கிம்ச்சி ஊறுகாய்க்கு நாற்பது தலை வாங்கலாம் என்கிறாள் சித்தி. இரண்டு பேருக்கு எதற்கு நாற்பது என்றேன். கடையில் பெரிய இஸ்திரி மேசைக்குப் புதுத் துணி போட்டேன். எதிர்க் கடைப் பூனை குட்டி போட்டிருக்கிறது. மூன்று. இரண்டு சாம்பல், ஒன்று வெள்ளை.

கோட்டையைப் பற்றிக் கேட்பாய். கோட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொள்.

என்றும் உன் நலம் விரும்பும்
அப்பா

*

மொக்போ
25 அக்டோபர் 2003

சிப்பாய் மாமாவுக்கு,

பகலென்றும் இரவென்றும் பாராமல் நாட்டைக் காக்கும் உங்களுக்கு எங்கள் நன்றி. குளிர்காலம் நெருங்குவதால் உடல்நலம் பேணவும். (இதுவரை டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டது.)

வகுப்பில் எல்லோரும் ஒரு சிப்பாய்க்குக் கடிதம் எழுத வேண்டும். மற்றவர்கள் முகம் தெரியாத சிப்பாய்க்கு எழுதுகிறார்கள். எனக்குத்தான் தெரிந்த சிப்பாய் இருக்கிறாரே என்று உங்கள் விலாசத்தை உங்கள் அப்பாவிடம் கேட்டேன். எதற்கு, எதற்கு என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

டீச்சர் உண்மையை எழுதச் சொன்னார்கள். கோட்டை போய்விட்டது.

நாலே முக்கால் வரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இரும்புச்சேவல் உங்கள் அப்பாவிடம் பேச ஆரம்பித்தான். "பெரியவர் பியோ வம்சம் என்று கேள்விப்பட்டேன், எந்த ஊர் பியோ?" என்றான். உங்கள் அப்பா சின்ச்சாங் பியோ என்றார். அவன் "அடடா, நானும் சின்ச்சாங் பியோதான்! தலைமுறை வரிசையில் உங்களுக்குப் பேரன் முறை. இவ்வளவு நாள் தெரியாமல் உங்கள் மேல் கல்லெறிந்துவிட்டேனே. தரையில் விழுந்து கும்பிட வேண்டும், உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள், வாசலுக்கு வந்து ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றான்.

நான் "போகாதீங்க" என்று பதினோரு தடவை அடித்தேன். உங்கள் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அம்மாடி, நம்ம வம்சத்துல ஆளே கொஞ்சம். கும்பிட வந்தவன வாசல்ல நிக்க வெச்சுட்டு நாற்காலியில உக்காந்திருந்தா அது மரியாதையா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். நாலு நொடி.

அவன் பியோவே இல்லை. கிம். நான் விசாரித்துவிட்டேன்.

எல்லோரும் திட்டினார்கள். திட்டு வாங்கினால் அப்பாக்கள் எல்லாரும் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள் இல்லையா? இவர் போகவில்லை. நாற்பது பேரிடமும் தனித்தனியாக மன்னிப்பு எழுதினார். ஒற்றை விரல் என்பதால் ஏழு மணி ஆகிவிட்டது. ஏழாவது ஆளுக்கு எழுதும்போதே எல்லோருக்கும் கோபம் போய்விட்டது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

இதை உங்களுக்கு மட்டும் அவர் எழுதவில்லையாம். பயமாக இருக்கிறதாம். தயவு செய்து திட்டாதீர்கள்.

ஆறாம் வகுப்பு, மூன்றாம் பிரிவு
தாசோம் (வெள்ளிநரி)

*

ஜெச்சோன்
3 நவம்பர் 2003

யூன்ஜே,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று முகாமுக்குத் தொலைபேசி செய்யப் போனேன். அதற்குள் தாசோம் உண்மையைச் சொல்லிவிட்டாள். "எழுதிட்டேன் தாத்தா. டீச்சர் உண்மைய எழுதச் சொன்னாங்க." அந்த டீச்சரின் துணி என் கடைக்கு வந்தால் ஒரு பொத்தானும் மிஞ்சாது.

கோட்டையைப் பறிகொடுத்ததற்கு மன்னிப்பு. இது ஒரு வரி, எழுதிவிட்டேன். மற்றதை எழுத எத்தனை வரி ஆகும் தெரியவில்லை. ஆறாவது தாளைக் கிழித்துவிட்டு ஏழாவது தாளில் எழுதுகிறேன்.

கோட்டை போன பிறகும் நான் மா கடைக்குப் போகிறேன். போன வாரம் தாசோமிடம் கேட்டேன்.

"அம்மாடி, கோட்டைக்குள்ள சுவர ஒட்டி ஒருத்தன் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே இருந்தா அவனுக்கு என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது. அங்க யாருமே போக மாட்டாங்க."

"நாப்பது நிமிசம் நடந்தா?"

"அப்ப அவன் ஆடல தாத்தா."

மூன்று கேம் கடை ஏறி இறங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாவது கடையில் நீ இருந்தாய் என்று யாரிடமும் சொல்லவில்லை. மா கடை, ஏழாம் நம்பர் நாற்காலி. நான் உன் பின்னால் வந்து நின்றேன். உன் தோள் என் கைக்கு எட்டும் தூரம். திரையில் ஒரு சின்ன ஆள் சுவரை ஒட்டி நடந்துகொண்டே இருந்தான். பெற்றவள் போய்க்கொண்டிருக்கிறாள், இவன் விளையாடுகிறானே என்று நினைத்தேன். இப்போதுதான் எனக்கு அந்த ஆட்டம் கொஞ்சம் தெரிகிறது. யாரும் அப்படி விளையாடுவதில்லை.

உன்னைத் தொட்டிருக்கலாம். மருத்துவமனைக்கு எட்டு நிமிட நடை. "சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் சித்தி என்னை அனுப்பினாள். தொட்டால் நீ எழுந்திருப்பாய். எழுந்தால் நாம் இருவரும் அங்கே போக வேண்டும். போனால் பார்க்க வேண்டும். நாற்பது நிமிடம் நின்றேன். கடிகாரம் உன் தலைக்கு மேலேயே இருந்தது, அதனால் நிமிடம் எனக்குச் சரியாகத் தெரியும். பிறகு உன்னைக் கூப்பிடாமலே திரும்பிப் போனேன். அங்கே முடிந்துவிட்டிருந்தது.

மண்டபத்தில் பெரிய மாமா, "அந்த நேரத்துல எங்க போயிருந்தே?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார், உன்னை இல்லை. நான் உன்னைக் கை காட்டினேன். இவன் கேம் கடையில் இருந்தான், தேடப் போனேன் என்றேன். இரண்டும் நடந்ததுதான். நடந்ததை மட்டும் வைத்தே இவ்வளவு பெரிய பொய்யைக் கட்ட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீ வாயைத் திறக்கவில்லை.

அதற்கு முன்னால் நான் அந்த விளையாட்டைத் திட்டினேன், வயரை வெட்டினேன். அது எல்லா வீட்டிலும் நடப்பது. சூப் ஆறியது ஆறியதுதான், அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் வெறுத்தது அந்த நாளிலிருந்து. யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது. விளையாட்டுக்கு வாய் இல்லை, எதிர்த்துப் பேசாது.

22ஆம் தேதி மாமாக்கள் மூவர் முன்னாலும் இதைச் சொல்லப் போகிறேன். நீ வந்தாலும் சொல்வேன், சியோலில் இருந்தாலும் சொல்வேன். அந்தக் காலி இடத்தில் எந்த ஊரை எழுதுவது என்பது உன் பாடு.

கையுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

அப்பா

*

வடக்கு முகாம்
9 நவம்பர் 2003

அப்பாவுக்கு,

கையுறை வந்தது. அளவு சரியாக இருக்கிறது. கால் கொப்புளங்கள் ஆறிவிட்டன. எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. பத்து நாள் மலையில் பயிற்சி. இறங்கி வந்தபோது தாசோம் கடிதமும் உங்கள் கடிதமும் ஒன்றாகக் காத்திருந்தன.

தாசோம் கடிதத்தை எங்கள் குழுத் தலைவர் பிடுங்கிச் சத்தமாகப் படித்தார். பன்னிரண்டு பேர் தரையில் உருண்டார்கள். இப்போது முகாமில் யார் யாரை ஏமாற்றினாலும், "நானும் பியோதான் தாத்தா" என்று சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை.

நீங்கள் நின்றது எனக்குத் தெரியும். கோட்டையின் வடக்கு வாசலைத் தாண்டும்போதெல்லாம் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு வரும். கறுத்த கண்ணாடியில் உங்கள் சட்டை தெரிந்தது. பையில் அடையாளச் சீட்டு குத்துகிற ஊசிகள்கூடத் தெரிந்தன. நீங்கள் தொடுவீர்கள் என்று காத்திருந்தேன். தொட்டுவிடக் கூடாது என்றும் இருந்தது. நடப்பதை நிறுத்தினால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நடந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நொடி உங்களைப் பார்த்தேன். ஒரு சுற்றில் நீங்கள் இல்லை. அதற்குப் பிறகும் நடந்தேன்.

விளையாட்டு என்று ஒன்று இல்லாவிட்டாலும் நான் அன்று மருத்துவமனையில் இருந்திருக்க மாட்டேன். ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் ரயிலை வெறுத்திருப்பீர்கள்.

ஜெச்சோன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 20ஆம் தேதி மாலை ரயில். மாமாக்களிடம் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். நானும் நின்றுகொள்கிறேன்.

23 ஞாயிற்றுக்கிழமை. தாசோம் ஆள் திரட்டிவிட்டாளாம், கோட்டையைத் திருப்பி எடுக்கப் போகிறோம். மா கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி சொல்லி வையுங்கள். பின்னால் நிற்க வேண்டாம்.

யூன்ஜே

*

ஜெச்சோன்
13 நவம்பர் 2003

யூன்ஜே,

உன் கடிதம் வந்த நேரத்தில் தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டை மேசையில் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன். இருபத்து மூன்று வருடத்தில் நான் கருக்கிய முதல் சட்டை. புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். எப்படி ஆச்சு என்று கேட்டார். மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டேன்.

22ஆம் தேதி தடுமாறக் கூடாது என்று முதலில் சித்தியிடம் சொல்லிப் பழகிப் பார்த்தேன். உன் அம்மா பக்கத்தில் அன்று கடைசிவரை இருந்தவள் அவள்தானே. கிம்ச்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள். தலை நிமிரவில்லை.

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"நீங்க போய்க் கால் மணி ஆனதும் நான் வாசலுக்கும் கட்டிலுக்குமா ஓடிக்கிட்டிருந்தேன். அக்காதான் கையப் புடிச்சு உக்கார வெச்சா. 'அவங்க ரெண்டு பேரும் வர மாட்டாங்க, பாக்கற தெம்பு கெடையாது. எங்கயாச்சும் ஒருத்தனுக்கு ஒருத்தன் தொணையா நின்னுக்கிட்டிருப்பாங்க, விடு' ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உப்புச் சட்டியை எட்டி உதைத்திருப்பேன். முதுகு விடவில்லை. ஒரு வருடம். ஒரு வருடம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு சூசோக் கொண்டாடியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"எங்க சொல்ல விட்டீங்க? வாயத் தொறந்தாலே கேம் கேம்னு நீங்கதான கத்திக்கிட்டிருந்தீங்க."

நாற்பது தலை முட்டைக்கோஸுக்கும் நானே உப்புப் போட்டேன். அவள் தடுக்கவில்லை.

மா சொல்கிறான், ஞாயிறு நாலு மணிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வேண்டுமென்றால் கழிப்பறை வாசலில்தான் இருக்கிறதாம். சரி என்றுவிட்டேன். ஆனால் ஒன்று, முதலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறோம், நான் கூப்பிடும்போது "இதோ" என்று சொல்லாமல் வருகிறாய்.

20ஆம் தேதி நிலையத்தில் நிற்பேன். காதை மூடிக்கொண்டு வா.

அப்பா